பன்னிரண்டு இருக்கைகளில் ஒரு கற்பனைத் தீவு

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சன்செட் பொலிவார்டில் காரில் விரைகிறவர்கள் ‘டிக்கி-டி’யைக் கவனிக்காமலே கடந்துவிடலாம். அவ்வளவு சின்னக் கடை. பாரை ஒட்டி 12 ஸ்டூல்கள், சுவரோரமாகச் சில மேசைகள், அவ்வளவுதான் இடம். உள்ளே மூங்கிலும் மங்கலான விளக்குகளும் மரத்தில் செதுக்கிய முகங்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பானப் பட்டியலோ 90 பெயர்களைத் தாண்டுகிறது. யாராவது ‘ப்ளட் அண்ட் சாண்ட்’ கேட்டால், டெக்கிலாவை ஊற்றும்போது கடை முழுக்க ‘டோரோ! டோரோ!’ என்று கத்துகிறது. முன்பின் தெரியாதவர்களும் சேர்ந்து கத்துகிறார்கள். பேட்டை பாருக்குரிய உரிமை அது.

1961-இல் இதைத் திறந்தவர் ரே புஹென், பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர். அவருக்குப் பின் மகன், பேரன் என்று குடும்பமே பாருக்குப் பின்னால் நின்றது. கூலிக்கு ஆள் வைக்காததால், கலிபோர்னியா பார்களில் புகைபிடிக்கத் தடை வந்த பிறகும் பல ஆண்டுகள் இங்கே சட்டப்படியே புகைக்க முடிந்தது. தொழிலாளர்களைப் புகையிலிருந்து காக்கத்தான் அந்தச் சட்டம். இங்கே முதலாளிதான் தொழிலாளி.

டிக்கி பார் என்றால் பசிபிக் தீவுகளின் பழைய வழக்கம் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். உண்மையில் அது ஹாலிவுட்டில் பிறந்தது. எர்னஸ்ட் கேன்ட் என்ற ஊர்சுற்றி, 1933-இல் மதுவிலக்கு முடிவுக்கு வந்த தருணத்தில் அங்கே ஒரு சிறிய பார் திறந்தார். பிறகு அது ‘டான் த பீச்காம்பர்’ ஆயிற்று. அவரும் தம் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். அப்போது ரம் மலிவாகக் கிடைத்தது. பொருளாதார வீழ்ச்சியில் துவண்டிருந்தவர்களுக்குத் தீவுக் கனவை அவர் கோப்பையில் விற்றார். 1934-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களில் ரே புஹெனும் ஒருவர்.

அலங்காரம் பாலினீசியாவுடையது, ரம் கரீபியனுடையது, தட்டில் வந்த சாப்பாடு பெரும்பாலும் அமெரிக்க நாக்குக்கேற்ற சீனச் சமையல், கலக்கிய கைகள் பிலிப்பினோக்களுடையவை. பூமியில் எங்கும் இல்லாத ஒரு தீவு. ஆனால் இந்தப் போலித் தீவில் பானம் மட்டும் போலி இல்லை.

டான் பீச்சின் புகழ்பெற்ற ‘ஸாம்பி’யைப் பாருங்கள். மூன்று வகை ரம், சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 120 மில்லி. அதில் ஒன்று முக்கால் பங்கு சாராயச் சத்துள்ள டெமராரா ரம். அதோடு எலுமிச்சைச் சாறு, கிராம்பும் இஞ்சியும் மணக்கும் ஃபலெர்னம் பாகு, கசப்புச் சாறு இரண்டொரு துளி, பொடித்த ஐஸ். புளிப்பும் இனிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து மதுவின் காரத்தை மறைத்துவிடும். பழரசம் என்று நினைத்துக் குடித்தவர் எழுந்திருக்கும்போதுதான் விஷயம் தெரியும். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்று கடையே விதி வைத்தது. விளம்பரத்துக்கும் அது நன்றாகவே உதவியது.

டானுக்குப் போட்டியாக ஓக்லண்டில் வளர்ந்தவர் விக்டர் பெர்ஜெரான், ‘டிரேடர் விக்’. 1944-இல் 17 ஆண்டுகள் ஊறிய ஜமைக்கா ரம்மில் எலுமிச்சை, ஆரஞ்சு மது, பாதாம் பாகு சேர்த்து அவர் கலக்கியதுதான் ‘மாய் டாய்’. இன்று பல ஓட்டல்களில் அன்னாசிச் சாற்றை ஊற்றிக் குடை செருகித் தரும் சிவப்புப் பானத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அசலில் அன்னாசியே கிடையாது.

அந்தப் பழைய ஜமைக்கா ரம் தீர்ந்துபோனதும் விக் மற்ற ரம்களோடு மார்ட்டினிக் ரம்மையும் கலக்கத் தொடங்கினார். இங்கே தமிழர்கள் சற்று நிமிர்ந்து உட்காரலாம். அடிமை முறை ஒழிந்த பின், 1853 முதல் மார்ட்டினிக்கின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள்; அவர்களில் தமிழர்கள் மிகுதி. அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு அங்கே இன்றும் இருக்கிறது. டெமராரா ரம் வரும் கயானாவுக்கும் சென்னையிலிருந்து கப்பல்கள் போயின. எந்த டிக்கி பாரின் சுவரிலும் கரும்பு வெட்டியவர்களின் படம் தொங்குவதில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து பசிபிக்கிலிருந்து சிப்பாய்கள் திரும்பியதும் டிக்கி மோகம் கூடியது. 1959-இல் ஹவாய் அமெரிக்காவின் மாநிலமானபோது உச்சத்துக்குப் போனது. எழுபதுகளில் மங்கியது; வியட்நாம் போருக்குப் பிறகு வெப்பமண்டலக் காடு என்றால் வேறு காட்சிகள் நினைவுக்கு வந்த தலைமுறைக்கு ஓலைக்குடிசை அலங்காரம் கேலிப்பொருளாயிற்று. தொண்ணூறுகளில்தான் ரசிகர்கள் மறுபடி தேடி வந்தார்கள். கூடவே நியாயமான கேள்வியும் வந்தது. பாலினீசிய மக்களின் தெய்வங்களையும் மூதாதையரையும் குறிக்கும் வடிவங்களைக் குடிக்கும் குவளையாக்கலாமா? தீவு வம்சாவளியினர் பலர் கூடாது என்கிறார்கள். அந்த முகங்களை எடுத்துவிட்டு ‘வெப்பமண்டல பார்’ என்று மட்டும் பலகை மாட்டியவர்கள் உண்டு. மரமுகங்கள் போனதால் பானத்தின் ருசி குறையப்போவதில்லை. விற்பனை குறையுமோ என்பதுதான் பயம்.

இந்தத் தொழிலில் ருசியைக் காத்தது ரகசியம். வேலையாட்கள் போட்டிக் கடைக்குத் தாவினால் செய்முறையும் கூடப் போய்விடுமே என்று, டான் பீச் புட்டிகளில் எண்ணும் சங்கேதப் பெயரும் மட்டும் எழுதி வைத்தார். உள்ளே இருப்பது என்னவென்று கலக்குகிறவருக்கே தெரியாது. ஸாம்பியில் சேரும் ‘டான்ஸ் மிக்ஸ்’ என்ன என்று ஜெஃப் பெரி என்ற ஆய்வாளர் பல வருடம் அலைந்தார். அவருக்கு வழி காட்டியது அங்கே பணியாற்றிய ஓர் ஊழியரின் 1937-ஆம் ஆண்டுக் குறிப்பேடு. விடை சாதாரணமாகத்தான் இருந்தது: இரண்டு பங்கு கிரேப்ஃப்ரூட் சாறு, ஒரு பங்கு பட்டைப் பாகு.

பெரி 2007-இல் அதை நூலில் அச்சிட்டார். இன்று யாரும் வீட்டிலேயே ஸாம்பி கலக்கலாம். ஆனால் சன்செட் பொலிவார்டுக் குடும்பம் பழைய வழக்கத்தை விடவில்லை. ரே ஒருநாள் புட்டி மாற்றி ஊற்றியதால் பிறந்த ‘ரேஸ் மிஸ்டேக்’ அங்கே மிகவும் விரும்பிக் கேட்கப்படும் பானங்களில் ஒன்று. அதில் எந்தப் புட்டி எந்தப் புட்டியோடு சேர்கிறது என்பதை அவர்கள் வெளியே சொல்வதில்லை.