புதுப்பிப்பில் தொலைந்த அலாரம்

மென்பொருள் நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்கள் படைப்பின் தோற்றத்தையும் உள்கட்டமைப்பையும் அடியோடு மாற்றி எழுதுவதும், அப்போது அதுவரை இருந்த வசதிகளில் சில காணாமற்போவதும், அவற்றை நம்பி வேலை செய்துவந்தவர்கள் கொதித்தெழுவதும் அத்துறையில் பழகிப்போன நிகழ்ச்சிகள். புதியதைக் கண்டு மிரளும் மனித இயல்பே இந்தச் சினத்துக்குக் காரணம் என்று சொல்வோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருந்தாலும், 2024-இல் சோனோஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நேர்ந்ததை அந்த விளக்கத்துக்குள் அடக்க முடியாது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த சோனோஸ், வீட்டின் வைஃபை வழியாக ஒன்றோடொன்று இணைந்து பல அறைகளிலும் ஒரே பாட்டை ஒலிக்கச் செய்யும் ஸ்பீக்கர்களை விற்கிறது. இவற்றின் மேல் ஒலியைக் கூட்டவும் குறைக்கவுமான சில பொத்தான்களைத் தவிர வேறு அதிகம் இல்லாததாலும், ஏனைய வேலைகள் பெரும்பாலும் கைப்பேசிச் செயலி மூலமே நடப்பதாலும், செயலியில் ஒரு வசதி போனால் விலைகொடுத்து வாங்கிய கருவியிலிருந்தே அது பறிபோனதாகப் பொருள். 2024 மே மாதம், அடிமுதல் புதிதாக எழுதப்பட்ட செயலி வெளியானபோது, அதில் அலாரத்தைத் திருத்த வழியில்லை. குறித்த நேரத்தில் பாட்டைத் தானே நிறுத்தும் டைமர் இல்லை. அடுத்தடுத்து ஒலிக்கவேண்டிய பாடல்களின் வரிசையை மாற்ற இயலவில்லை. எல்லாவற்றிலும் கொடியது, திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அச்செயலியில் ஒழுங்காக இயங்காமற்போனதுதான். மற்றவர்களுக்குத் தொல்லையாக இருந்த மாற்றம் இவர்களைச் சொந்த ஸ்பீக்கரையே இயக்க முடியாதவர்களாக்கியது. இப்படி அடியோடு மாற்றி எழுதுவதற்குத் துணிவு வேண்டும் என்று நிறுவனத்தின் தயாரிப்புப் பிரிவுத் தலைவர் விளக்கமளித்தார். துணிந்தவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர் என்பது அவ்விளக்கத்தில் இடம்பெறவில்லை.

வசதிகளை நீக்குவதில் யாருக்கும் தனி ஆசை இருப்பதில்லை. பல ஆண்டுகளாக ஒட்டுப்போட்டு வளர்ந்த பழைய நிரலைக் கைவிட்டுப் புதிதாக எழுதும்போது, ஒவ்வொரு சிறு வசதியையும் மறுபடி எழுதியாக வேண்டும். வெளியீட்டு நாள் நெருங்க நெருங்க, எதை முதலில் எழுதுவது என்பதைப் பயன்பாட்டுத் தரவு, அதாவது எந்த வசதியை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று மென்பொருள் தானே திரட்டி அனுப்பும் கணக்கு, தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் பணிப்பட்டையைத் திரையின் பக்கவாட்டுக்கு நகர்த்த முடியாமற்போனதற்கும், பட்டையையே புதிதாக எழுதவேண்டியிருந்தது, அவ்வசதியைப் பயன்படுத்துவோர் குறைவு என்ற காரணங்களே மைக்ரோசாஃப்ட் தரப்பில் கூறப்பட்டன. இந்தக் கணக்கு தலைகளை எண்ணுமே தவிர, ஒருவர் ஒரு வசதியை எவ்வளவு சார்ந்திருக்கிறார் என்பதை அளக்காது. திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோர் அதில் எப்போதும் சிறுபான்மையினர்தான்.

முன்பெல்லாம் பயனருக்கு ஒரு புகலிடம் இருந்தது. 2011-இல் ஆப்பிள் வெளியிட்ட ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் என்னும் படத்தொகுப்பு மென்பொருளில், பல கேமராக்களில் எடுத்த காட்சிகளைச் சேர்த்துத் தொகுக்கும் வசதியும், முந்தைய பதிப்பில் செய்த வேலைகளைத் திறக்கும் வசதியும் இல்லை என்றபோது, தொகுப்பாளர்கள் தங்கள் கணினியில் ஏற்கெனவே இருந்த பழைய பதிப்பிலேயே வேலையைத் தொடர முடிந்தது. பல கேமராத் தொகுப்பு 2012 ஜனவரியில் திரும்பிவந்தது. சோனோஸ் வாடிக்கையாளர்களுக்கோ அந்த வழியும் அடைபட்டிருந்தது. தலைமை நிர்வாகி பேட்ரிக் ஸ்பென்ஸ் ஜூலையில் மன்னிப்புக் கேட்டதோடு, பழைய செயலியை மீண்டும் வெளியிடுவது பற்றியும் நிறுவனம் ஆராய்ந்தது. ஆனால் மாற்றம் கைப்பேசியோடு நில்லாமல் ஸ்பீக்கருக்குள் இருக்கும் மென்பொருளிலும், இணையம் வழியே இயங்கும் நிறுவனத்தின் சர்வர்களிலும் நிகழ்ந்துவிட்டதால், பழையதைக் கொண்டுவந்தால் சிக்கல் இன்னும் முற்றும் என்று ஆகஸ்டில் அவரே அறிவிக்க நேர்ந்தது. விடுபட்ட வசதிகள் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகத் திரும்பின. பெரிய மாற்றங்களை இனிப் படிப்படியாகவே, பயனர்கள் பழகிக் கருத்துச் சொல்ல இடம்விட்டே வெளியிடுவதாக அக்டோபரில் உறுதியளித்த அந்நிறுவனத்திலிருந்து, 2025 ஜனவரியில் ஸ்பென்ஸ் விலகினார்.