எட்டு மடிப்பில் ஒரு நட்சத்திரம்
கடதாசி மடிப்பினால் செய்யும் வாழ்த்து மடல்கள்

காணியை விட்டு வந்த குடும்பம் காணியை மட்டும் இழப்பதில்லை. விடியமுன் எழும்பித் தண்ணீர் மாறிய கைகள், வெங்காயம் நட்ட கைகள், மிளகாய்த் தோட்டத்தில் களை பிடுங்கிய கைகள் மடியிலே சும்மா கிடக்கின்றன. வருமானம் இல்லாத துயரம் ஒன்று. வேலையில்லாத கை தருகின்ற துயரம் இன்னொன்று. இந்த இரண்டாவது துயரத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஆகவே வயலோ கிணறோ தேவைப்படாத, ஒரு மேசையின் மூலையிலே செய்யக்கூடிய கைப்பணி ஒன்றை இம்முறை எடுத்துக்கொண்டோம். கடதாசியை மடித்து அலங்கரிக்கும் வாழ்த்து மடலே அது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். இது வயலுக்கு ஈடாகாது. ஒரு குடும்பத்தின் முழுச் சீவியத்தையும் இது தாங்கும் என்று சொன்னால் நாங்கள் உங்களை ஏமாற்றியவர்கள் ஆவோம். பிள்ளைகளின் கொப்பி, பேனை, பஸ் காசு போன்ற சிறு செலவுகளுக்கு இது கைகொடுக்கலாம். அதுவும் வேலை சுத்தமாகவும் கணக்கு நேர்மையாகவும் இருந்தால் மாத்திரமே.

தேநீர் உறையில் பிறந்த கலை

1992ஆம் ஆண்டு நெதர்லாந்திலே டினி வன் டெர் பிளாஸ் என்னும் பெண்மணி தமது சகோதரிக்குப் பிறந்தநாள் மடல் ஒன்று செய்ய விரும்பினார். அலங்காரக் கடதாசி கையில் இல்லை. தேநீர்ப் பைகள் வருகின்ற சிறு கடதாசி உறைகளே இருந்தன. ஒரே சித்திரம் அச்சிட்ட அந்த உறைகளைச் சதுரமாக வெட்டி, எல்லாவற்றையும் ஒரே விதமாக மடித்து, வட்டமாக ஒட்டினார். ஒரு பூ மலர்ந்தது. பின்னர் இந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது. குப்பைக்குப் போகவேண்டிய கடதாசியில் இருந்து ஒரு கலையே பிறந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான கதை அச்சிட்ட நத்தார் மடலினுடையது. 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரம் போதாமையால், ஓவியர் ஒருவரைக் கொண்டு மடல் ஒன்றை வரைவித்து 1,000 பிரதிகள் அச்சிட்டார். ஒன்றின் விலை ஒரு சிலிங். அச்சு மடல் நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பிறந்தது. கையால் செய்த மடலோ ஒருவர் இன்னொருவருக்காகச் செலவிட்ட நேரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கின்றது. வாங்குபவர் காசு கொடுப்பதும் அந்த நேரத்துக்கே. இதை மனதிலே வைத்துக்கொள்ளுங்கள். விலை போடும்போது உதவும்.

எமக்குப் புதியதல்ல

மடிப்பு வேலை எம்மவர்களுக்கு அந்நியமானதல்ல. பனையோலையை வார்ந்து பெட்டியும் கடகமும் இழைத்த தாய்மார் எம்மிடையே இருக்கின்றார்கள். கோவில் வாசலிலும் கலியாணப் பந்தலிலும் கட்டுவதற்குக் குருத்தோலையை மடித்துத் தோரணம் செய்தவர்களும், குருத்தோலை ஞாயிறன்று ஓலையிலே சிலுவை மடித்தவர்களும் இருக்கின்றார்கள். ஓலைக்குப் பதிலாகக் கடதாசி வந்திருக்கின்றது, அவ்வளவுதான்.

செய்யும் முறை

தேவையானவை: ஏ4 அளவிலே பிறிஸ்டல் போட், ஒரு பக்கம் சித்திரமும் மறுபக்கம் வெள்ளையுமான மெல்லிய கடதாசி, அடிமட்டம், பென்சில், கத்தரிக்கோல், வெள்ளைப் பசை. பரிசுப் பொதி சுற்றும் கடதாசி நல்லது. தடித்த கடதாசி மடிப்பிலே வெடிக்கும்.

பிறிஸ்டல் போட்டை இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு பாதியையும் நடுவே மடித்தால் 10.5 சென்ரிமீற்றர் அகலமும் 14.8 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட இரண்டு மடல்கள் கிடைக்கும்.

சித்திரக் கடதாசியில் 3 சென்ரிமீற்றர் சதுரங்களைக் கோடிட்டு வெட்டுங்கள். ஏ4 அளவுள்ள ஒரு தாளில் குறுக்கே 7, நெடுக்கே 9 ஆக 63 சதுரங்கள் வரும். மடல் ஒன்றுக்கு 8 சதுரம். ஆகவே ஒரு தாளில் 7 மடல்கள் செய்து 7 சதுரம் மிஞ்சும். எட்டாவது மடலுக்கு ஒன்றே ஒன்று குறையும்! வெட்டும்போது கவனம் வேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

சதுரத்தின் வெள்ளைப் பக்கம் மேலே இருக்கட்டும். மூலைக்கு மூலை மடித்து, விரியுங்கள். நடுவே ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டின் ஒரு நுனியில் சேர்கின்ற இரண்டு ஓரங்களையும் கோட்டோடு பொருந்துமாறு உள்ளே மடியுங்கள். பட்டம் போன்ற ஓர் உருவம் கிடைக்கும். எட்டுச் சதுரங்களையும் இப்படியே மடியுங்கள்.

மடலின் முன்பக்கத்திலே, மேற்பாதியில் ஒரு புள்ளி வைத்து, அதனூடாக ஒரு கூட்டல் அடையாளமும் ஒரு பெருக்கல் அடையாளமும் மெல்லிதாகக் கீறுங்கள். புள்ளியிலிருந்து எட்டுக் கோடுகள் சம இடைவெளியில் பிரியும். பட்டத்தின் கூரிய நுனி புள்ளியிலும் நடுக்கோடு பென்சில் கோட்டிலும் இருக்கத்தக்கதாக, கூட்டல் கோடுகளில் நான்கை முதலில் ஒட்டுங்கள். பின்னர் பெருக்கல் கோடுகளில் நான்கை ஒட்டுங்கள். சுமார் 8.5 சென்ரிமீற்றர் அகலமான நட்சத்திரம் பிறக்கும். அதன் எட்டு முனைகளிலும் வெள்ளை முக்கோணங்கள் தெரியும். கீழே வாழ்த்தை எழுத இடமிருக்கும்.

முதல் மடிப்பின் பிழை

நாங்கள் முதலிலே செய்து பார்த்தபோது நட்சத்திரம் மூடவில்லை. கடைசிப் பட்டத்துக்குப் பக்கத்திலே ஒரு வெளி விழுந்தது. வேறு அலுவலாக வந்திருந்த வயோதிபர் ஒருவர், தோட்டம் செய்து பழகியவர், சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளையள், கடைசியில பிழை இல்லை. முதல் மடிப்பிலதான் பிழை. வாய்க்கால் தலைப்பில கோணினால் கடைசிப் பாத்திக்குத் தண்ணி வருமே?"

அவர் சொன்னது சரி. பட்டத்தின் கூரிய நுனி 45 பாகை. எட்டு 45 சேர்ந்தால் 360, வட்டம் பூரணமாகும். ஒவ்வொன்றிலும் 1 பாகை குறைந்தால் கடைசியிலே 8 பாகை வெளி தெரியும். "ஐயா, நீங்களே ஒன்று மடித்துக் காட்டுங்கோ" என்று கேட்டோம். நகத்தால் அழுத்தி அவர் மடித்த சதுரமே அன்றைக்கு எமக்கு மாதிரியாக இருந்தது.

விலை போடுவது எப்படி?

கைப்பணியாளர் பலர் இங்கேதான் நட்டப்படுகின்றார்கள். கடதாசிக்கும் பசைக்கும் போன காசை எழுதுவார்கள். தமது நேரத்தை எழுதமாட்டார்கள். ஒரு கொப்பி வையுங்கள். பிறிஸ்டல் போட், கடதாசி, பசை, தபாலுறை, கடைக்குப் போய்வந்த பஸ் காசு, பழுதாகி எறிந்த மடல்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். பின்னர் நேரத்தைக் கணக்கிடுங்கள். ஒரு மடலுக்கு 40 நிமிடம் சென்றால் 8 மணித்தியாலத்தில் 12 மடல்கள். உங்கள் ஊரின் ஒரு நாட்கூலியை 12 ஆல் பிரித்து, அதை மடலின் செலவோடு கூட்டுங்கள். அந்த விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள் என்றால், மடிப்பின் வேகத்தைக் கூட்டவேண்டும். அல்லது இந்த வேலையை விற்பனைக்கு எடுக்காமல் விடவேண்டும். கூலியை மறைத்து விற்பது, விதைநெல்லைக் குற்றிச் சாப்பிடுவதற்குச் சமம்.

இன்னுமொன்று. "இடம்பெயர்ந்தவர்கள் செய்தது, பாவம்" என்று வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். மடல் அழகாயிருக்கின்றது என்று வாங்குபவர் அடுத்த வருடமும் வந்து கேட்பார். பசை பிதுங்கிய மடலையும் கைரேகை படிந்த மடலையும் விற்பனைக்கு வைக்காதீர்கள்.

மாரிக்கு முன்னர்

நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் மடல் வேண்டுமென்றால் ஐப்பசி முடிவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள். மாரி தொடங்கினால் கடதாசி ஈரத்தை இழுத்து நெளியும், பசை காயாது. வெட்டிய கடதாசியையும் முடித்த மடல்களையும் பொலித்தீன் பையிலே சுற்றி, இறுக்கமாக மூடும் பிஸ்கற் தகரத்திலே வையுங்கள். கோதுமை மாப் பசையைத் தவிர்ப்பது நல்லது. கரப்பானும் பூச்சியும் அதைத் தேடி வரும்.

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் வேலை இலகுவாகும். ஒருவர் வெட்ட, இருவர் மடிக்க, ஒருவர் ஒட்ட, கையெழுத்து அழகான பிள்ளை வாழ்த்தை எழுதலாம். வருவதைப் பங்கிடும் முறையை வேலை தொடங்கமுன்னரே பேசிக் கொப்பியிலே எழுதி வையுங்கள்.

நெதர்லாந்திலே அந்தப் பெண்மணி செய்த மடல் விற்பனைக்கானதல்ல, ஒரு சகோதரிக்கானது. எம்மிடையே ஒரு முற்றத்தில் வளர்ந்த சகோதரர்கள் இன்று வெவ்வேறு ஊர்களிலும் தேசங்களிலும் சிதறி இருக்கின்றார்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். நீங்கள் செய்யும் முதலாவது நல்ல மடலை விற்காதீர்கள். நீண்டகாலம் கடிதம் போடாத ஒருவருக்கு, உங்கள் இப்போதைய விலாசத்தையும் எழுதி அனுப்பிவிடுங்கள். இரண்டாவது மடலில் இருந்து கணக்கைத் தொடங்கலாம்.