பசி மையம்

பசி மையம் என்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதிக்கு 1951-ஆம் ஆண்டில் இடப்பட்ட பெயர். உணவைத் தேடவும் உண்ணவும் தூண்டுவது இப்பகுதியே என்று எலிகளிலும் பூனைகளிலும் செய்த சோதனைகளால் காட்டியவர்கள், இந்திய உடலியங்கியல் அறிஞர் பால் கிருஷ்ண ஆனந்தும் (1917–2007) அமெரிக்க அறிஞர் ஜான் புரோபெக்கும் ஆவர். பசியையும் உடற்பருமனையும் பற்றிய இன்றைய ஆராய்ச்சி வளர்ந்த வேர்களில் இதுவும் ஒன்று. 'மையம்' என்ற சொல்லை இப்போது ஆய்வாளர்கள் அவ்வளவாக ஏற்பதில்லை. அதன் காரணம் கீழே வருகிறது.

வயிறா, மூளையா?

வயிறு கிள்ளுகிறது, வயிறு காய்கிறது என்று பசியை வயிற்றோடு சேர்த்தே தமிழில் பேசுகிறோம். அறிவியலும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியது. அமெரிக்காவின் ஹார்வர்டில் வால்டர் கேனனின் மாணவர் வாஷ்பர்ன் ஒரு ரப்பர் பலூனை விழுங்கி, வயிற்றுக்குள் அதைக் காற்றடைத்துப் பெரிதாக்கினார். இரைப்பை சுருங்கும் நேரமும் தமக்குப் பசிக்கும் நேரமும் ஒத்துவருவதைப் பதிவு செய்தார். 1912-இல் வெளிவந்த இந்த ஆய்வு பசிக்கு இரைப்பையே பிறப்பிடம் என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது. ஆனால் நோயின் காரணமாக இரைப்பையை முழுவதும் அகற்றிவிட்டவர்களுக்கும் பசி வருகிறது. ஆகவே வயிறு செய்தி அனுப்பும் இடங்களில் ஒன்று மட்டுமே. செய்திகளைக் கூட்டிக் கழித்து முடிவு செய்யும் இடம் வேறு எங்கோ இருக்க வேண்டும்.

அந்த இடத்துக்கு முதல் தெளிவான தடயம் 1940-இல் கிடைத்தது. ஹெதரிங்டன், ரான்சன் என்ற இருவர் எலிகளின் ஹைப்போதலாமஸின் நடுப்பகுதியை மின்னோட்டத்தால் மிக நுண்ணிய அளவில் சிதைத்தனர். எலிகள் உருண்டு திரண்டு பருத்தன. மனிதரில் ஹைப்போதலாமஸின் எடை ஏறக்குறைய 4 கிராம்தான். அதற்குள் ஓர் ஓரத்தை மட்டும் தொடுவதென்றால், மண்டையோட்டை அசையாமல் பிடித்து, மூன்று திசைகளிலும் அளந்து ஊசியை இறக்கும் கருவி வேண்டும். ஹார்ஸ்லி–கிளார்க் கருவி என்று அதற்குப் பெயர். இந்தக் கருவி இல்லாமல் பின்னால் வந்த கண்டுபிடிப்புகள் நடந்திருக்க முடியாது.

ஆனந்தின் சோதனை

லாகூரில் பிறந்த ஆனந்த், டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று புரோபெக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். நடுப்பகுதி சிதைந்தால் எலி ஓயாமல் தின்கிறது என்பது அப்போது தெரிந்திருந்தது. ஆனந்த் சற்றே விலகி, பக்கவாட்டுப் பகுதியை இருபுறமும் சிதைத்துப் பார்த்தார். எலி உண்பதை அடியோடு நிறுத்திவிட்டது. கூண்டில் தீனி நிறைய இருந்தும் தொடவில்லை. பட்டினி கிடந்து செத்தது. ஒரு பக்கத்தை மட்டும் சிதைத்தால் வழக்கம்போல் தின்றது. நடுப்பகுதி சிதைந்து பெருந்தீனி தின்றுகொண்டிருந்த எலிக்கும், பிறகு பக்கவாட்டுப் பகுதியைச் சிதைத்தபோது உண்பது நின்றது.

இதிலிருந்து ஒரு எளிய படம் உருவாயிற்று. பக்கவாட்டில் பசி மையம், நடுவில் நிறைவு மையம். முன்னது தூண்டும், பின்னது அடக்கும். 1953-இல் ஆனந்தும் டெல்கேடோவும் பக்கவாட்டுப் பகுதியை மின்சாரத்தால் தூண்டிப் பூனைகள் கூடுதலாக உண்பதைக் காட்டினர். இந்தியா திரும்பிய பின் டெல்லியில் பூனைகளிலும் குரங்குகளிலும் இதே சோதனைகள் தொடர்ந்தன. 1955-இல் முடிவுகள் வெளிவந்தன. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் (எய்ம்ஸ்) தொடங்கப்பட்டபோது உடலியங்கியல் துறையின் முதல் பேராசிரியர் ஆனந்தே. அங்கே சீனா, பல்தேவ் சிங் ஆகியோருடன் சேர்ந்து, இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது நிறைவு மையத்தின் மின்செயல் கூடுவதையும் பசி மையத்தின் மின்செயல் குறைவதையும் அளந்தார் (1962). சாந்தி சுவரூப் பட்நாகர் விருது, பத்மஸ்ரீ ஆகியவை அவருக்குக் கிடைத்தன. அதே காலத்தில் ராமானந்த யோகி என்பவரைக் காற்றுப்புகாத பெட்டிக்குள் இருக்கச் செய்து, அவர் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனையும் அளந்தது இந்தக் குழு. இந்த யோகி ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பலர். பசி ஆய்வை நினைவுகூர்பவர்கள் நம் நாட்டில் குறைவு. நான் பாடம் நடத்திய ஆண்டுகளில் 'பசி, தாகம், உடல்வெப்பம் ஆகியவற்றை ஹைப்போதலாமஸ் கட்டுப்படுத்துகிறது' என்ற ஒரே வரியோடு அது முடிந்துவிடும். அந்த வரிக்குப் பின்னால் ஓர் இந்தியர் இருக்கிறார் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

'மையம்' என்ற சொல்லுக்கு வந்த சோதனை

1954-இல் டைடல்பாம், ஸ்டெல்லர் இருவரும் பக்கவாட்டுப் பகுதி சிதைந்த எலிகளுக்குக் குழாய் வழியாக உணவூட்டி உயிரோடு வைத்திருந்தனர். சில வாரங்களில் அவை மெல்ல மெல்லத் தாமாகவே உண்ணத் தொடங்கின. மையமே அழிந்திருந்தால் இது எப்படி? பின்னர் 1971-இல், அந்த இடத்தின் வழியே செல்லும் டோபமைன் நரம்பிழைகள் அறுந்தாலே எலி உண்ணாது என்று உங்கர்ஸ்டெட் காட்டினார். ஓர் ஊரின் மின்மாற்றி பழுதானாலும் விளக்கு அணையும். கம்பி அறுந்தாலும் அணையும். விளக்கு அணைந்ததை வைத்து மட்டும் எது பழுது என்று சொல்ல முடியாது.

ஆனால் ஆனந்த் சொன்னது பொய்யாகிவிடவில்லை. 1998-இல் ஒரெக்சின் என்ற மூளைப் புரதக்கூறு கண்டறியப்பட்டது. அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் அதே பக்கவாட்டுப் பகுதியில்தான் இருந்தன. இன்று ஆய்வாளர்கள் தனித்தனி மையங்களைவிட, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நரம்பணுக் கூட்டங்களைப் பற்றியே பேசுகிறார்கள்.

கொழுப்பு அனுப்பும் கடிதம்

உடலில் எவ்வளவு கொழுப்பு இருப்பில் உள்ளது என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது? இக்கேள்விக்கு விடை ஓர் எலி வளர்ப்பிடத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-இல் அளவுமீறிப் பருத்த சுண்டெலிகள் தற்செயலாகப் பிறந்தன. அங்கிருந்த டக்ளஸ் கோல்மன் பின்னாளில் அத்தகைய எலி ஒன்றையும் சாதாரண எலி ஒன்றையும் தோலும் இரத்த ஓட்டமும் இணையும்படி ஒட்டுத் தையல் போட்டார். பருத்த எலி குறைவாக உண்டு மெலிந்தது. அப்படியானால் சாதாரண எலியின் இரத்தத்தில் அதற்குக் கிடைக்காத ஏதோ ஒன்று இருக்கிறது. அந்தப் பொருளை 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்து லெப்டின் என்று பெயரிட்டது. மெலிவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். கொழுப்பணுக்களே இதைச் சுரக்கின்றன. இருப்பு குறைந்தால் லெப்டின் குறையும். மூளை பசியைக் கூட்டும்.

1997-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்திதான் இதை மனிதருக்குக் கொண்டுவந்தது. பாகிஸ்தானிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய ஒரு குடும்பத்தின் இரண்டு குழந்தைகள். 8 வயதுப் பெண்ணின் எடை 86 கிலோ; அவளுடைய உறவுக்காரப் பையன் 2 வயதில் 29 கிலோ. பிறந்ததிலிருந்து தீராப் பசி. இருவரின் உடலிலும் லெப்டின் உருவாகவே இல்லை. குறையுள்ள மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்நிலை ஏற்படும். சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். அத்தை மகள், மாமன் மகன் என்று பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் பக்கத்தார் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்தப் பெண்ணுக்கு நாள்தோறும் லெப்டின் ஊசி போடப்பட்டது. 12 மாதங்களில் 16.4 கிலோ குறைந்தாள். அதுவரை அவளுக்கு இல்லாதிருந்தது கட்டுப்பாடு அல்ல, ஒரு புரதம்.

இத்தகையவர்கள் உலகில் மிக மிகச் சிலரே. பருமனாக உள்ள மற்றவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இல்லை, ஏராளமாகவே இருக்கிறது. மூளைதான் அதைச் செவிமடுப்பதில்லை. அதனால் லெப்டினை எடைகுறைப்பு மருந்தாக்கும் முயற்சி பலிக்கவில்லை.

வாயைக் கட்டினால் போதுமா?

பருமனானவருக்கு ஊரார் இலவசமாக வழங்கும் அறிவுரை, 'வாயைக் கட்டு' என்பது. கட்டியவர்களுக்கு என்ன ஆகிறது? ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரனும் சகாக்களும் 50 பேருக்கு 10 வாரம் மிகக் குறைந்த ஆற்றல் தரும் உணவு கொடுத்து எடையைக் குறைத்தனர். லெப்டின் சரிந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியது. வியப்பு அதுவல்ல. ஓராண்டு கழித்தும் அந்த மாற்றங்கள் பெருமளவு அப்படியே நீடித்தன. பசியும் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது (2011). இழந்த எடையை மீட்க உடல் ஓராண்டாகியும் போராடிக்கொண்டிருந்தது. எடை குறைத்து, மறுபடி ஏறி, அதற்காக உறவினர் வீட்டு விசேஷங்களில் கேலிக்கு ஆளாகி, பிறகு அங்கே போவதையே நிறுத்திக்கொண்ட பெண்களை நான் அறிவேன். இந்த ஆய்வை அவர்களுக்கு யாராவது தமிழில் சொல்லியிருக்க வேண்டும்.

உடல் எடைக்காக 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த செமாகுளுட்டைடு, டிர்செபடைடு ஊசிகளும் குடலிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தியைப் போலச் செயல்பட்டே பசியைத் தணிக்கின்றன. செமாகுளுட்டைடை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று ஓர் ஆய்வு காட்டியது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடக் கூடாத மருந்துகள் இவை.

நம் பகுதியில்

1982-இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய மாநிலம் இது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ பருமனோ உடையவர்கள். முந்தைய ஆய்வில் (2015–16) இது 30.9. அதே வேளையில் 12.6 விழுக்காட்டுப் பெண்கள் எடை குறைந்தவர்கள். ஒரே தெருவில் இரண்டும் இருக்கின்றன.

மரபணு நான்கைந்து ஆண்டுகளில் மாறுவதில்லை, மாறியது சூழல். 2018-இல் யேல் ஆய்வாளர்கள், கொழுப்பும் மாவுச்சத்தும் சேர்ந்த தின்பண்டத்துக்கு, அதே கலோரி கொண்ட தனிக் கொழுப்பு அல்லது தனி மாவுச்சத்துப் பண்டத்தைவிட மக்கள் கூடுதல் விலை தர முன்வருவதைக் கண்டனர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை; 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா, பாலின் கொழுப்பையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சிச் சேர்த்ததுதானே. மார்கழி நோன்பு முடித்துக் கூடாரவல்லிக்கு நெய் ஒழுக அக்காரவடிசில் உண்ட ஊர் அது. ஆனால் அன்று அது ஆண்டுக்கொரு நாள். இன்று பால்கோவா பேருந்து நிலையத்திலேயே எல்லா நாளும் கிடைக்கிறது.

அடுத்த ஊரான ராஜபாளையத்தின் கதை வேறு. 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து அது பஞ்சாலை ஊர்; இரவு ஷிப்டு பல குடும்பங்களில் வாழ்க்கை முறை. சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டபோது லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, கிரெலின் 28 விழுக்காடு கூடியது (2004). சிறிய ஆய்வுதான். ஆனாலும் இரவு ஷிப்டு முடிந்து வருபவர் புரோட்டா கடையில் நிற்பதை வெறும் நாக்கு ருசி என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்னொன்று, நம்மவர் உடல்வாகு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக் 2004-இல் தம்மையும் ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினையும் அளந்து வெளியிட்டார். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. அதனால்தான் 2009-இல் இந்திய மருத்துவர்கள் கூடிப் பேசி, கூடுதல் எடைக்கான வரம்பை 25-இலிருந்து 23-ஆகவும், பருமனுக்கான வரம்பை 30-இலிருந்து 25-ஆகவும் இறக்கினர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. தையல்காரரின் டேப்பே போதும். பேண்ட் கட்டும் இடத்தில் அளக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும்.