புதுக்கோட்டை இராச வீதிகள்

புதுக்கோட்டை நகரின் நடுப்பகுதி வீதிகள் நேராக ஓடி, ஒன்றையொன்று செங்கோணமாக வெட்டுவன. இவ்வமைப்பைக் காண்போர் இதனை ஆங்கிலேயர் வகுத்த நகர் என்பர். வீதிகளின் பெயர்களோ இன்னுமொரு செய்தியையும் உணர்த்துகின்றன. அவ்விரண்டினையும் இயைத்துக் காண்பதே நம் நோக்கம்.

தொண்டைமான் மரபினர் புதுக்கோட்டையை ஆளத் தொடங்கியது 1686-ஆம் ஆண்டிலாகும். கருநாடகப் போர்களில் அவர்கள் ஆங்கிலேயர்க்குத் துணை நின்றனர். அந்நட்பின் பயனாக, 1948 மார்ச்சு 3-இல் இந்தியாவுடன் இணையும் வரை, இந்நாடு ஆங்கிலேயரின் நேராட்சிக்கு உட்படாது நிலைத்தது. ஆயினும், 1807-இல் விசயரகுநாதராயத் தொண்டைமான் இளம்பருவத்தில் பட்டமெய்தியபோது, ஆட்சி தஞ்சை ரெசிடெண்டாகிய மேஜர் பிளாக்பர்ன் என்பாரின் மேற்பார்வைக்கு வந்தது. நகரம் புதுக்கப்பெற்றதும், புதிய அரண்மனையும் பொதுக் கட்டடங்களும் எழுந்ததும் அவர் காலத்தனவே. தஞ்சை வழக்கைப் பின்பற்றி மராத்தியை அலுவல் மொழியாக்கியவரும் அவரே.

இனிப் பெயர்களைக் காண்போம். பழைய அரண்மனை வளாகத்தைச் சூழ்ந்தவை கீழ, மேல, தெற்கு, வடக்கு இராச வீதிகள். அவற்றின் புறத்தே கீழ இரண்டாம் வீதி, மேல மூன்றாம் வீதி எனத் திசையும் எண்ணும் கூடிய பெயர்கள் அமைந்துள்ளன. நடுவிடத்தைச் சுற்றி அடுக்கடுக்காக வீதிகள் விரிவது நம் கோயில் நகரங்களின் மரபு. மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் திங்களும் விழாவும் வீதிகட்குப் பெயராயின. இங்கோ எண்களே பெயராயின. நடுவிடம் பழைய மரபைக் காட்ட, எண்ணிட்டு வழங்கும் முறை அலுவலக ஒழுங்கைக் காட்டுகிறது என்பது நம் கருத்து.

வீடுகளுக்கும் இஃது ஒக்கும். வீதியின் நேர்கோட்டிற்கு அடங்கி நிற்கும் பழைய வீட்டின் உட்புறமோ திண்ணை, இடைகழி, முற்றம், கூடம் என்னும் பழைய முறையிலேயே அமைவது. கோடு அரசினது, மனை மக்களது. 1878-இல் திவான் பொறுப்பேற்ற சேஷையா சாஸ்திரியார் குளங்களைச் செப்பனிட்டும் பொது அலுவலக மாளிகை முதலியன எழுப்பியும் நகரைத் திருத்தினார். அத்திருத்தமும் முன்னைய வீதியமைப்பை அழித்திலது.

அரண்மனைகளும் மாளிகைகளும் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. வீதிப் பெயர்களும் வீடுகளும் அங்ஙனம் பதிவு பெற்றில. ஒரு திண்ணை இடிக்கப்படுந்தோறும் நம் சான்றுகளுள் ஒன்று குறைகிறது. ஆதலின் முதுகலை மாணவர்கள் எஞ்சிய வீடுகளை அளந்து படம் வரைதல் வேண்டும். பழைய கிரயப் பத்திரங்களின் நான்கெல்லைப் பகுதியில் வழங்கும் வீதிப் பெயர்களைத் தொகுத்தல் வேண்டும். அக்காலத்து மராத்தி ஆவணங்களைக் கற்போரும் நம்மிடையே தோன்றுவாராயின், நகரை வகுத்தோர் எண்ணத்தையும் அதில் வாழ்ந்தோர் வழக்கையும் ஒருங்கே அறியலாம்.