வெளுத்த பம்பரும் விற்பனை விலையும்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை உண்டு. பழைய கார்களின் சந்தைக்கு அவ்வெல்லை இல்லை. நெய்யாற்றின்கரைப் பக்கத்து வண்டியை மார்த்தாண்டத்தார் வாங்குவதும், அவர்களுடையதை இங்குள்ளோர் வாங்குவதும் வழக்கமே. அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், காரை விற்பதற்காகக் கடன் தீர்வுச் சான்று கேட்டு நம்மிடம் வந்தார். எஞ்சினில் குறையில்லை, காப்பீடு நடப்பில் இருந்தது. ஆயினும் வாங்க வந்தவர் ரூ.15,000 குறைத்துக் கேட்டதாகச் சொல்லி வருந்தினார். பம்பரின் கறுப்புப் பகுதியும் கதவோரப் பட்டைகளும் சாம்பல் பூத்திருந்தனவாம். வண்டி வெயிலிலும் மழையிலுமே கிடந்தது என்பது வாங்குபவரின் ஊகம். அது உண்மையும்கூட. ஆசிரியர் வீட்டில் ரப்பர் ஷீட்டுக்குக் கூரை உண்டு; காருக்கு இல்லை.

வண்ணம் பூசாத இக்கறுப்புப் பகுதிகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. 1954இல் இத்தாலியின் ஜூலியோ நட்டா உருவாக்கிய பொருள் இது. 1963இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விலை மலிவு, எடை குறைவு, இடித்தால் எளிதில் உடையாது. ஆனால் வெயிலின் புறஊதாக் கதிர் இதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். அறுந்த இடத்தில் ஆக்சிஜன் சேரும். இதைத் தடுக்கவே டயரில் சேர்ப்பது போன்ற நுண்கரியையும் வேறு காப்புப் பொருள்களையும் ஆலையிலேயே கலக்கிறார்கள். காப்புப் பொருள்கள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தீர்ந்துபோகின்றன. அப்போது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுகின்றன; அவற்றில் ஒளி சிதறுவதால் கறுப்பு நமக்கு வெளுப்பாகத் தெரிகிறது. ஆகவே கறுப்பு பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது, மேல்தோல்தான் கெட்டிருக்கிறது. எண்ணெய் தடவியவுடன் கறுப்பு திரும்புவதும் இதனால்தான்: விரிசல்களை எண்ணெய் நிரப்ப, ஒளிச்சிதறல் அடங்குகிறது.

நம் ஊரில் முதலில் கை போவது தேங்காயெண்ணெய்க்கே. பளபளப்பு வரும், ஐயமில்லை. நெடுஞ்சாலைத் தூசியும் கூடவே வந்து ஒட்டும். இடவப்பாதி மழை இரண்டு பெய்தால் இரண்டும் போய்விடும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் இதற்கு உகந்தவையல்ல. அருகிலுள்ள பெயின்டையும் ரப்பர் பீடிங்கையும் அவை கெடுக்கும். ஹீட் கன் கொண்டு சூடுகாட்டும் முறையில் கறுப்பு உடனே தெளிவதைக் கண்டு வியக்காதார் இல்லை. ஆனால் பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியசில் உருகும். கை சற்றுத் தாமதித்தால் பட்டை நெளிந்துவிடும். இழந்த காப்புப் பொருளும் சூட்டினால் திரும்பாது. இதை வீட்டில் முயலாதிருப்பதே நன்று.

ஆசிரியருக்கு நாம் சொன்ன வழி எளியது. காரை நிழலில் நிறுத்தி, ஷாம்பு நீரும் மென்மையான பிரஷும் கொண்டு சொரசொரப்பின் பள்ளங்கள்வரை கழுவ வேண்டும். மெழுகு பாலிஷின் வெள்ளைக் கறை இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கலாம். நன்றாக உலர்ந்த பிறகே மேற்பூச்சு. நீர் கலந்த சிலிக்கோன் டிரஸ்ஸிங் சில வாரங்கள் நிற்கும். பிளாஸ்டிக்குக்கான செராமிக் பூச்சு பல மாதங்கள் நிற்கும். பின்னதற்கு மேற்பரப்பில் எண்ணெய்ப் பசை சிறிதும் இருத்தலாகாது. பூசிய பின் புட்டியில் குறித்துள்ள நேரம்வரை நீர் படலாகாது. மழைக்காலத்தில் அதைத் தொடங்காதீர்கள். நிழலில் நிறுத்தும் வழக்கத்துக்கு ஈடான பூச்சு எதுவும் நமக்குத் தெரியவில்லை.

வாங்குவோர் பக்கமும் சிறிது நிற்க வேண்டும். விற்பனைக்கு முதல்நாள் தடவிய பளபளப்பு கண்ணை ஏமாற்றக்கூடும். சோப்பு நீரில் நனைத்த வெள்ளைத் துணியால் பம்பரின் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பும் பிசுக்கும் ஏறினால் அது அண்மைப் பூச்சு. வைப்பருக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் தட்டைப் பலர் துடைக்க மறப்பர். வண்டி எங்கே கிடந்தது என்பதை அது சொல்லிவிடும். வெளுத்த பம்பர் எஞ்சினைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பதையும் மறவாதீர்கள்.

எல்லை தாண்டி விற்பவர்களுக்குப் பளபளப்பைவிடத் தாள்களே முக்கியம். கடன் முடிந்தால் மட்டும் போதாது. வங்கியின் சான்றுடன் படிவம் 35 அளித்து, பதிவுச் சான்றிதழில் உள்ள ஈட்டுக் குறிப்பை நீக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. அதற்கு, முதலில் பதிவுசெய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை.

ஆசிரியரின் கார் மறுமாதம் குழித்துறைக்குப் போயிற்று. கேட்ட விலையில் ரூ.4,000 மட்டும் குறைந்தது. பின் டயர்கள் இரண்டும் தேய்ந்திருந்தன, அது நியாயமே என்று அவரே சொன்னார்.