மினி பிசியை வீட்டு விளையாட்டுக் கணினியாக மேம்படுத்துதல்

மினி பிசி என்பது ஒரு சிறிய டிபன் பெட்டி அளவே உள்ள மேசைக் கணினி ஆகும். திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றைத் தனியே இணைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுத் தொலைக்காட்சியையே எச்டிஎம்ஐ வடம் மூலம் திரையாகப் பயன்படுத்தலாம். இன்டெல் நிறுவனத்தின் நக் வரிசை இவ்வகைக் கணினியைப் பரவலாக்கியது. 2023-ஆம் ஆண்டு இன்டெல் அந்த வரிசையைக் கைவிட்டது. ஏசஸ் நிறுவனம் அதைத் தொடர்ந்து தயாரித்து வருகிறது. அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி போன்றவை சென்னை ரிச்சி தெரு முதலான இடங்களில் பழைய பொருளாகக் கிடைக்கின்றன.

குறைந்த செலவில் வாங்கிய இத்தகைய கணினியைச் சில உதிரிப்பாகங்களால் விளையாட்டுக்கு ஏற்றதாக மாற்ற முடியும். ஆனால் எல்லாப் பாகங்களையும் மாற்ற இயலாது. எதை மாற்றினால் பயன் உண்டு என்பதை அறியாமல் வாங்கினால் பணம் வீணாகும். கல்வராயன்மலையின் வெள்ளிமலை போன்ற ஊர்களில் இது இன்னும் முக்கியமானது. பொருந்தாத ஒரு பாகத்தை மாற்றி வாங்க, மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குச் சென்று திரும்ப வேண்டியிருக்கும்.

மாற்றக்கூடியவையும் மாற்ற முடியாதவையும்

பெரும்பாலான மினி பிசிக்களில் செயலி தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். மேலே கூறிய அலுவலகக் கணினிகள் பலவற்றில் மட்டும் செயலியைக் கழற்றி மாற்றலாம். வரைகலைச் செயலி பெரும்பாலும் செயலிக்குள்ளேயே அடங்கியிருப்பதால், பெரிய கணினியில் செய்வதுபோல் தனி வரைகலை அட்டையைச் செருக இடமிருக்காது. ஆகவே மாற்றக்கூடியவை முதன்மையாக இரண்டு: ரேம் எனப்படும் நினைவகம், எஸ்எஸ்டி எனப்படும் சேமிப்பகம். சில மாதிரிகளில் ரேமும் பற்றவைக்கப்பட்டிருக்கும். அத்தகைய கணினியில் பின்னாளில் நினைவகத்தைக் கூட்டவே முடியாது.

பழைய விளையாட்டுகளின் தேவை

1990-களில் தமிழ்நாட்டு வீடுகளில் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடப்பட்ட வீடியோ கேம் பெட்டிகளில் பல, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள். அசல் கருவியின் செயலி ஏறத்தாழ 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அதன் பணி நினைவகம் 2 கேபி மட்டுமே. 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும் 40 கேபி அளவுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும்படி கணினியை இயக்கும் மென்பொருள் எமுலேட்டர் எனப்படும். ரெட்ரோஆர்ச், பிபிஎஸ்எஸ்பிபி, டால்பின், பிசிஎஸ்எக்ஸ்2 ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் எமுலேட்டர் மென்பொருள்கள். ஃபேமிகாம், முதல் பிளேஸ்டேஷன் ஆகியவற்றின் விளையாட்டுகளை எந்த மேம்பாடும் இல்லாத மினி பிசியே எளிதாக இயக்கிவிடும். பிளேஸ்டேஷன் 2 போன்ற பிற்காலக் கருவிகளுக்கே செயலியின் வலிமை தேவைப்படுகிறது. அந்த வலிமை ரேமைக் கூட்டுவதால் வந்துவிடாது. எனவே பழைய விளையாட்டுகள் மட்டும் போதும் என்பவர் உதிரிப்பாகங்களுக்குச் செலவிடாமல் ஒரு நல்ல கேம்பேட் வாங்குவதே பயன் தரும். தொலைக்காட்சியில் கேம் மோட் என்னும் அமைப்பு இருந்தால் அதை இயக்கி வைக்க வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் உருவம் நகர்வதற்கும் இடையே உள்ள தாமதத்தை அது குறைக்கும்.

புதிய விளையாட்டுகளும் நினைவகமும்

தனி வரைகலை அட்டைக்கு அதற்கென்றே வேகமான நினைவகம் உண்டு. மினி பிசியின் உள்ளமைந்த வரைகலைச் செயலிக்கு அது இல்லை. செயலி பயன்படுத்தும் ரேமையே அதுவும் பங்கிட்டுக்கொள்கிறது. ஒரே கிணற்றில் இரு வீட்டார் நீர் இறைப்பதற்கு இதை ஒப்பிடலாம். கிணற்றில் எவ்வளவு நீர் உள்ளது என்பதோடு, எத்தனை இராட்டினங்கள் உள்ளன என்பதும் முக்கியம்.

டிடிஆர்4-3200 வகை ரேம் ஒன்று தனியாக இருந்தால் விநாடிக்கு 25.6 ஜிபி தரவு செல்லலாம். ஒரே வகையான இரண்டு ரேம்களைச் செருகினால் டூயல் சேனல் எனப்படும் இரட்டைத் தடத்தில் விநாடிக்கு 51.2 ஜிபி வரை செல்லும். இதனால் 16 ஜிபி ரேம் ஒன்றைக் காட்டிலும் 8 ஜிபி ரேம்கள் இரண்டு விளையாட்டுக்குச் சிறந்தவை. மொத்த அளவு ஒன்றேயானாலும் காட்சிகளின் ஓட்டம் தெளிவாக மேம்படும்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. 2023-இல் வந்த இன்டெல் என்100 செயலி ஒற்றைத் தடத்தை மட்டுமே ஏற்கும். அதில் நினைவகத்தைக் கூட்டினால் இடம் கூடுமே தவிர தடம் கூடாது. ஏஎம்டி ரைசன் 7 7840எச்எஸ் போன்ற செயலிகளில் உள்ள ரேடியான் 780எம் வரைகலைச் செயலி இதைவிடப் பன்மடங்கு வலிமையானது. என்100 கணினியை எவ்வளவு மேம்படுத்தினாலும் அந்த நிலையை எட்டாது.

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. பயன்படாமல் கிடக்கும் அந்த மடிக்கணினியின் ரேமை மினி பிசியில் பொருத்தலாமா என்ற ஐயம் இயல்பாக எழும். தொடக்க ஆண்டுகளின் மடிக்கணினிகளில் இருந்தது டிடிஆர்3 வகை. அதற்கு 204 முனைகள். டிடிஆர்4 வகைக்கு 260, டிடிஆர்5 வகைக்கு 262 முனைகள். இடையில் உள்ள வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் செருகுவாயில் நுழையாது. அழுத்திச் செருக முயலக் கூடாது. ஆனால் அந்த மடிக்கணினியின் 2.5 அங்குல வன்தட்டு வேறு. அதற்கான இடம் உள்ள மினி பிசியில் அதைக் கோப்புகள் சேமிக்கப் பயன்படுத்தலாம்.

சேமிப்பகம்

வன்தட்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் கணினி தொடங்கும் நேரமும் விளையாட்டு திறக்கும் நேரமும் வெகுவாகக் குறையும். காட்சிகளின் ஓட்ட வேகம் பெரிதாக மாறாது. எம்.2 வடிவ எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என இரு வகைகள் உண்டு. முன்னது விநாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரையும், பின்னது பல மாதிரிகளில் 3,000 எம்பிக்கு மேலும் படிக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், தாய்ப்பலகை எதை ஏற்கும் என்று உறுதிசெய்த பிறகே வாங்க வேண்டும். இன்றைய பெரிய விளையாட்டுகள் சில 100 ஜிபிக்கும் மேல் இடம் கேட்கின்றன. இணைய வேகம் குறைந்த ஊர்களில் அவற்றைப் பதிவிறக்கப் பல நாட்கள் ஆகலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வெப்பமும் மின்சாரமும்

சிறிய பெட்டிக்குள் வெப்பம் விரைவில் சேரும். வெப்பம் மிகுந்தால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைக்கும், விளையாட்டு தடுமாறும். பழைய கணினியாக இருந்தால் விசிறியின் தூசியை நீக்கி, செயலியின் மேல் காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதுப்பிப்பதே முதல் மேம்பாடு. இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊர்களில் சிறிய யுபிஎஸ் ஒன்று தேவை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் எஸ்எஸ்டியில் உள்ள கோப்புகள் சிதையக்கூடும்.

இயங்குதளமும் உரிமமும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லின் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான செயலிகளை அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. அத்தகைய பழைய கணினிகளில் லினக்சு மின்ட் போன்ற இயங்குதளத்தையோ, பழைய விளையாட்டுகளுக்கென்றே அமைந்த பட்டோசெரா, லக்கா ஆகியவற்றையோ இலவசமாக நிறுவலாம்.

எமுலேட்டர் வேறு, விளையாட்டின் கோப்பு வேறு. சோனி – கனெக்டிக்ஸ் வழக்கில் 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் எமுலேட்டர் தயாரித்த நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் விளையாட்டுகள் இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. விற்பனையில் இல்லை என்பதால் ஒரு விளையாட்டு பொதுவுடைமை ஆகிவிடாது. உரிமையாளர்களே மறுவெளியீடு செய்யும் பழைய விளையாட்டுகளும், ஆர்வலர்கள் உருவாக்கி இலவசமாக வழங்கும் புதிய விளையாட்டுகளும் தாராளமாக உள்ளன.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில் ஆட விரும்பும் விளையாட்டுகளைப் பட்டியலிட வேண்டும். அடுத்து, விண்டோசின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைத் திறந்து எத்தனை செருகுவாய்கள் உள்ளன, எத்தனை பயன்பாட்டில் உள்ளன, வேகம் என்ன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் கணினியை அணைத்து, மின்வடத்தை நீக்கி, அடிமூடியைத் திறந்து ரேமின் மீதுள்ள ஒட்டுச்சீட்டையும் எம்.2 இடத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது நல்லது. அந்தப் படத்தைக் கடைக்காரரிடம் காட்டினால் பொருந்தாத பாகத்தோடு ஊர் திரும்ப நேராது.