கடைவீதியை மாத்தணுமா? முதல்ல கூடைக்காரம்மாவைக் கேளுங்க!

பெரம்பலூரோ அரியலூரோ... பண்டிகைக்கு முந்தின நாள் கடைவீதியில் ஒரு பக்கம் பைக், மறுபக்கம் பூக்கூடை, நடுவுல நாம! ‘ரோட்டை அகலமாக்கினா சரியாயிடும்’னுதான் தோணும்.

சென்னை, தி.நகர் பாண்டி பஜாரில் நடந்ததே வேற. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய வடிவமைப்பில் அகலமானது நடைபாதை. சுருங்கியது வாகனப் பாதை. கட்டுவதற்கு முன்பே தடுப்புகள் வைத்து, வாகனங்களை நிறுத்திச் சோதித்தும் பார்த்தார்கள். சரிவரலைன்னா தடுப்பை நகர்த்தலாம். கான்கிரீட்டை நகர்த்த முடியுமா?

ஆனா, அங்கே நடைபாதையில் கடை போட்டிருந்த பலரை அதற்குச் சில வருடங்கள் முன்பே வணிக வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாடியேறி வந்து வாங்குபவர்கள் குறைவு என்பது அவர்களின் ஆதங்கம். போகிற போக்கில் வாங்குவதுதானே தெருக்கடை!

இதற்குத்தான் 2014-ம் வருட தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவிகிதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்கணும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

உங்க ஊர்க் கடைவீதியை மாத்தப்போறதா சொன்னா, நகராட்சியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘வரைபடம் எங்கே?’ அல்ல, ‘குழு கூடிச்சா, கூடைக்காரம்மா அதுல இருந்தாங்களா?’